பெற்றவளைப் பார்த்துச் சொல்லுங்கள்

குழந்தைகள் வார்டுக்குப் புதிதாக ஆயா வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுக்கச் சொல்லி சிஸ்டர் கேட்டார். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். நீங்களும் மெதுவாகப் படியுங்கள்.

தரை துடைப்பது, துணி மாற்றுவது, எந்த அழுக்கு எந்த வாளியில் போக வேண்டும் என்பதெல்லாம் பத்து நாளில் கைக்கு வந்துவிடும். அதை நான் எழுதப் போவதில்லை. இருபத்தாறு வருசம் இந்த வேலை செய்தேன். பெருமையாகவே சொல்கிறேன், என் கையிலிருந்து ஒரு குழந்தையும் நழுவியது கிடையாது. ஆனால் என் வாயால் ஒரு குழந்தை போகப் பார்த்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால் யாரிடம் முதலில் பேசுவோம்? அந்த வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம். அதுதான் மரியாதை. வார்டுக்குள்ளும் நான் அப்படித்தான் இருந்தேன். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு சின்னப் பெண் படுத்திருப்பாள், பக்கத்தில் ஒரு பெரியம்மா நின்றுகொண்டிருப்பார். நான் நிற்கிறவரைப் பார்த்துத்தான் பேசுவேன். “ஏனுங்கம்மா, புள்ளைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பால் குடுக்கணுமுங்க. ஏனுங்கம்மா, தொப்புள்ல எதையும் வெக்காதீங்க.” போகும்போது எல்லாப் பெரியம்மாக்களும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த ஆயாவாட்டம் மரியாதை தெரிஞ்சவிங்க யாருமில்லை” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதில் எனக்கு ரொம்பக் கர்வம்.

அப்போது வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். தாராபுரத்துப் பக்கம். என்னைவிட இருபது வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் நான் இப்படிப் பேசிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு, மருந்துத் தட்டைக் கீழே வைத்தபடி கேட்டார்.

“அக்கா, அந்தப் புள்ளைக்குப் பால் குடுக்கறது யாருங்கக்கா?”

“அதோட அம்மாதான்.”

“அப்ப ஏன் அவங்க மாமியாருக்குச் சொல்லிட்டு இருக்கறீங்க?”

எனக்குச் சுருக்கென்றது. “பெரியவங்ககிட்டச் சொன்னா அவங்க பாத்துக்குவாங்க சிஸ்டர். நேத்துப் பெத்த புள்ளைக்கு என்ன தெரியும்?” என்றேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். படித்தவர்களுக்கு ஊர் நடப்புத் தெரியாது என்று நானும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு போய்விட்டேன்.

அதற்கு அடுத்த மாதம் கவிதா வந்தாள்.

இருபத்திரண்டு வயது. கருமத்தம்பட்டிப் பக்கம், வீட்டை ஒட்டியே தறிக்கூடம் இருக்கிற தெரு. தாய் இல்லாத பிள்ளை. அதனால் முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு என்ற பேச்சே இல்லாமல் மாமியாரே கூட இருந்து பார்த்தார். குழந்தை நாள் ஆவதற்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. என் இரண்டு கையையும் சேர்த்தால் அதற்குள் அடங்கிவிடும்.

இப்படிப்பட்ட குழந்தையைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்து வைத்து மேலே துணியால் கட்டிவிடுவோம், வார்டில் பார்த்திருப்பீர்கள். தாயின் சூடுதான் அதற்குச் சூடு. நாள் முழுக்க அப்படி இருக்க வேண்டும். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பேன்.

“ஏனுங்க ஆயா, இப்படியே எத்தனை நேரமுங்க? முதுகு புடிச்சுக்குதுங்க.”

“தறியில நாள் முச்சூடும் நின்னவதானே நீ? சாஞ்சு உக்காரறதுக்கு இத்தனை அலட்டறே.”

“அங்க நாலு தறிங்க. நடந்துட்டே இருப்பேன். இது ஒரே தறி, அக்கட்ட இக்கட்ட நகரவே விடமாட்டேங்குதுங்க.”

தறிப் பேச்சு வந்துவிட்டால் அவள் முகமே மாறிவிடும். கண்ணை மூடிக்கொண்டு நின்றாலும் நாலு தறியில் எது தப்பாக ஓடுகிறது என்று சத்தத்திலேயே சொல்லிவிடுவாளாம். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருசம் ஓட்டியிருக்கிறாள். முதலாளி வந்து நின்றால்கூட, “சித்தெ தள்ளி நில்லுங்க” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாளாம். ஆனால் மாமியார் சாப்பாட்டுக் கூடையோடு உள்ளே வந்ததும் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோகும். மாமியாரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். காலையில் ரசம், மத்தியானம் பூண்டுக் குழம்பு என்று பஸ் ஏறிக் கொண்டுவருவார். குழந்தையைத் தங்கம் தங்கம் என்பார். ஆனால் அந்த வீட்டில் பேசுகிற வாய் அவருடையது ஒன்றுதான்.

பதினேழாவது நாள் குழந்தை இரண்டு கிலோவுக்குப் பக்கத்தில் வந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா சொன்ன பிறகு, கிளம்பும் நேரத்தில் எல்லாவற்றையும் இன்னொரு தரம் எடுத்துச் சொல்லி, போன் நம்பர் வாங்கி வைப்பது என் வேலை. மாமியார் கூடையில் பிளாஸ்கை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவர் முன்னால் போய் நின்றுகொண்டு சொன்னேன்.

“ஏனுங்கம்மா, வீட்லயும் இதே மாதிரி நெஞ்சோட கட்டியே வெச்சிருக்கோணுமுங்க. புள்ளை பால் சப்பலைன்னாலோ, அழுகை கொறைஞ்சாலோ, காலு சில்லுன்னு இருந்தாலோ ஒரு நிமிசம் தாமதிக்காம கூட்டிட்டு வந்துருங்க. அஞ்சாம் நாள் ஒருக்கா காட்டோணுமுங்க.”

“செரிங்க ஆயா, செரிங்க” என்று அவர் முடிச்சை இறுக்கினார். போன் நம்பரும் அவருடையதுதான் வாங்கினேன். கவிதாவின் போனை, குழந்தை வயிற்றில் இருக்கும்போது ஆகாது என்று வாங்கி வைத்துவிட்டார்களாம். கவிதா கட்டிலின் அந்தப் பக்கம் குழந்தைக்குத் துணி சுற்றிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் விழுந்ததா என்று நான் பார்க்கவில்லை.

ஐந்தாம் நாள் அவர்கள் வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. அன்றைக்குக் காலையில் பதினொரு மணி இருக்கும், சிஸ்டர் என்னைப் போன் பண்ணச் சொன்னார். மாமியார்தான் எடுத்தார்.

“ஏனுங்கம்மா, புள்ளை எப்படிங்க இருக்குது?”

“தங்கமாட்டம் இருக்குதுங்க ஆயா. அழுகறதே இல்லீங்க. ரெண்டு நாளா நல்லாத் தூங்குது. தூங்கற புள்ளையை எதுக்கு எழுப்பறதுன்னு தொட்டில்லயே உட்டுப்போட்டோம்.”

எனக்குச் சந்தோசம். போனை வைத்துவிட்டு, “குழந்தை நல்லா இருக்குதாமுங்க சிஸ்டர், அழுகறதே இல்லையாம்” என்று சொன்னேன்.

சிஸ்டர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். நான் என்ன சொன்னேன் என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. இரண்டு கிலோக் குழந்தை அழவில்லை என்றால் அது நிம்மதியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அழுவதற்குத் தெம்பில்லை என்று அர்த்தம். இத்தனை வருசம் வார்டில் இருந்தவள், ஒரு பெரியம்மாவின் குரலில் இருந்த சந்தோசத்தை நம்பி அதை விட்டுவிட்டேன்.

“அம்மாகிட்டப் பேசுனீங்களாக்கா?” என்றார் சிஸ்டர்.

நான் பேசவில்லை.

மறுபடியும் போட்டேன். போனைக் கவிதாவிடம் கொடுக்கச் சொன்னேன். அதற்கே மாமியாருக்குக் குரல் மாறியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் வந்தாள். பின்னால் தறிச் சத்தம் கேட்டது.

“கண்ணு, புள்ளை பால் குடிக்குதா?”

“ரெண்டு நாளா சப்பி இழுக்கறதில்லீங்க.” ரொம்பச் சன்னமாகப் பேசினாள். “வாயில வெச்சாலும் அப்படியே தூங்கிக்குதுங்க.”

“காலைத் தொட்டுப் பாரு. எப்படி இருக்குது?”

“சில்லுன்னு இருக்குதுங்க. நேத்தே அப்படித்தானுங்க இருந்துது.”

“ஏங்கண்ணு, இப்படி இருந்தா உடனே வரச் சொல்லியிருந்தனல்ல?”

“நீங்க எல்லாத்தையும் அத்தைகிட்டத்தானுங்க சொன்னீங்க. எனக்கு ஒண்ணுமே சொல்லலீங்களே ஆயா.”

அவள் கோபத்தில் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் உட்கார்ந்து வருத்தப்பட முடியாது. சிஸ்டர் அதற்குள் வேறொரு போனில் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டார். போனை அவர் வாங்கிப் பேசுவார் என்று நீட்டினேன். “உங்ககிட்டத்தான் அவங்க பேசறாங்க, நீங்களே பேசுங்க” என்று தள்ளிவிட்டார்.

“அம்மணி, வண்டி வருது. புள்ளைத் துணியெல்லாம் கழட்டிட்டு உன்ற நெஞ்சோட சேத்துக் கட்டிக்க, வார்டுல கட்டுன மாதிரி. வாயில எதையும் ஊத்தாதே. வண்டி வந்ததும் ஏறி வா.”

“அத்தை புள்ளைக்கு ஊத்த உரைமருந்து உரைச்சிட்டு இருக்கறாங்க. முப்பது நாள் கழியாம வாசப்படி தாண்டக் கூடாதுங்கறாங்க. அவரும் வேலைக்குப் போயிட்டாரு. அவரு வரட்டும்னு…”

“நான் உன்னைத்தான் கேக்கறேன் கண்ணு. நீ என்ன நெனைக்கறே?”

தறிச் சத்தம் மட்டும் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

“தறியில ஓட்டத்துல இழை அந்துபோச்சுன்னா யாரைக் கேட்டு நிறுத்துவே?”

“யாரையும் கேக்கறதில்லீங்க. கேட்டுட்டு நின்னா துணி போயிரும்.”

அதற்கப்புறம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது என் பேச்சாகப் போயிருக்கும். அவளே மூச்சை இழுத்து விட்டுச் சொன்னாள். “வாரேனுங்க ஆயா.”

பிறகு போன் மாமியார் கைக்குப் போயிற்று. எனக்கு நாக்கு நமநமவென்று இருந்தது, நன்றாகக் கேட்டுவிடலாம் என்று. சிஸ்டர் கையைக் காட்டித் தடுத்தார். அது எவ்வளவு பெரிய விசயம் என்று பின்னால்தான் புரிந்தது. நாம் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போனை வைத்துவிடலாம். அந்தப் பெண் அந்த வீட்டுக்குத்தானே திரும்பிப் போகவேண்டும்.

“ஏனுங்கம்மா, புள்ளைக்கு உடம்பு செரியில்லீங்க. கவிதா கொண்டு வாரா. கூட ஒரு பெரியவிங்க இருந்தா தேவலைங்க. நீங்களும் வாங்க.”

“என்ற ஊட்டுல என்னைக் கேக்காம வண்டி அனுப்பறதுக்கு நீ யாரு? கூட்டிப் பெருக்கறவதானே நீ?”

“ஆமாங்க, கூட்டிப் பெருக்கறவதாங்க. வண்டி பத்து நிமிசத்துல வந்துரும். பொடவை மாத்தோணும்னா இப்பவே மாத்திக்குங்க.”

அவர் போனை வைத்துவிட்டார். நான் வெயிலில் ஆஸ்பத்திரி கேட்டுக்குப் போய் நின்றேன். ஒரு வேலையும் ஓடவில்லை. வண்டி வந்தது. கதவைத் திறந்ததும் கவிதா இறங்கினாள், சேலை முந்தானையை இறுக்கிச் சுற்றி, உள்ளே குழந்தை. நான் பழக்கத்தில் கையை நீட்டினேன். “வேண்டாமுங்க, நானே கொண்டாறேன்” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள். அவளுக்குப் பின்னால் மாமியார் இறங்கினார், அதே கூடையோடு. வரமாட்டேன் என்று வீட்டு வாசலில் சத்தம் போட்டவர், வண்டி கிளம்பும்போது கதவைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார் என்று டிரைவர் சொன்னார்.

கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. குழாய் போட்டார்கள், மருந்து ஏற்றினார்கள். டாக்டரம்மா ஆறுதலும் சொல்லவில்லை, பயமும் காட்டவில்லை. “பாக்கலாம்” என்றார். மறுநாளும் “பாக்கலாம்” என்றார். கவிதா ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. அவள் புருசன் வந்து ஒரு மூலையில் நின்று அழுதுவிட்டு, பழம் வாங்கப் போகிறேன் என்று போவான், வருவான். எத்தனை ஆரஞ்சு வாங்கினான் என்று அவனுக்கே தெரியாது.

மாமியார் உள்ளே வரவில்லை. வராந்தாவில் தூணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் டீ கொண்டு போய் வைத்தேன். தொடவில்லை.

“நீதானே என்ற மருமகளுக்கு வாய் கத்துக் குடுத்தவ?”

“இல்லீங்கம்மா. அது அவகிட்டயே இருந்துதுங்க. நாந்தான் அதைக் கேக்காம உட்டுப்போட்டேன்.”

அவர் திரும்பிக்கொண்டார். நானும் எழுந்து போகவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. அப்புறம் அவரே, என்னைப் பார்க்காமல், பேச ஆரம்பித்தார்.

“எனக்கு ரெண்டு புள்ளைக தங்கலீங்க. இவனுக்கு முந்தி ரெண்டு. காட்டுல களையெடுக்கப் போயிட்டிருந்த காலம். ரெண்டாவது புள்ளை இப்படித்தானுங்க, தூங்கிட்டே இருந்துது. எனக்குத் தெரிஞ்சு போச்சு. மாரு கல்லாட்டம் கனத்துக் கெடக்குது, புள்ளை வாயே தொறக்கலை. பெத்தவளுக்குத் தெரியாம இருக்குமுங்களா? எங்க மாமியாதான், தூங்கற புள்ளையை எழுப்பாதேன்னாங்க. நான் எழுப்பலீங்க.”

ஆடை கட்டிய டீயை எடுத்து ஓரமாக வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

“நேத்து இவ என்னைத் தாண்டிட்டுப் போயி வண்டியில ஏறுனாளே, எனக்கு அப்படியொரு ஆங்காரம் வந்துதுங்க. அது அவ மேல வந்ததா, வேற யாரு மேலயாவது வந்ததான்னு உக்காந்து ரோசனை பண்ணிட்டிருக்கறேன்.”

பிள்ளைகளே, மருந்தும் மெசினும் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றுதான். டாக்டரம்மா எல்லோரையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார். இங்கிருந்து ஒரே எடையில் இரண்டு குழந்தைகள் வீட்டுக்குப் போகும், ஒன்று தேறிவரும், இன்னொன்று வராது. ஏன் என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். குழந்தையின் உடம்பில் வருகிற மாற்றத்தை முதலில் பார்ப்பது பெற்றவள்தான். அவள் பார்த்ததைச் சொல்ல முடிகிறதா, சொன்னால் அந்த வீடு கேட்கிறதா, கேட்கவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு அவளால் வெளியே இறங்க முடிகிறதா, இதில்தான் அந்தக் குழந்தையின் உயிர் இருக்கிறது. படித்தவள், வேலைக்குப் போகிறவள் என்றால் மட்டும் போதாது. நாலு தறி ஓட்டியவளே வீட்டுக்குள் வாயடைத்துத்தான் இருந்தாள். அந்த வாயை அடைத்த கைகளில் என் கையும் ஒன்று. மரியாதை என்று நினைத்துத்தான் அடைத்தேன்.

அதனால் சொல்கிறேன். பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள், நாற்காலி போடுங்கள், அதில் குறை வைக்காதீர்கள். ஆனால் சொல்ல வேண்டியதை, பெரியவர் பக்கத்தில் இருக்கும்போதே, பெற்றவளின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அவள் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். நம்பர் வாங்கினால் அவள் நம்பரை வாங்குங்கள். அவளுக்குப் போன் இல்லை என்றால், ஏன் இல்லை என்று அந்த வீட்டாரிடமே கேளுங்கள். சில பெரியம்மாக்களுக்கு முகம் சுண்டிப்போகும். போகட்டும். அவர்களும் ஒரு காலத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள்தான், அதையும் மறந்துவிடாதீர்கள்.

நாலாம் நாள் காலையில் டாக்டரம்மா “பாக்கலாம்” என்று சொல்லவில்லை. குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். அது முகத்தைச் சுளித்துக்கொண்டு, பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. “அம்மாகிட்டக் குடுங்க” என்றார். வாயில் வைத்ததும் இரண்டு தரம் நழுவ விட்டது, மூன்றாம் தரம் பிடித்து இழுத்தது. கவிதா என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாலு நாளாகச் சரியாகத் தூங்காதவளுக்கு, சிரிக்கும்போதே கண் சொருகியது.

மத்தியானம் மாமியார் வார்டு வாசலில் வந்து நின்றார். அந்த நாலு நாளில் அன்றைக்குத்தான் வாசல்வரை வந்தார். உள்ளே காலை வைக்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை, சிஸ்டரிடமும் கேட்கவில்லை. மருமகளைப் பார்த்துக் கேட்டார்.

“கண்ணு, சித்தெ நேரம் நான் வெச்சுக்கட்டுமா? நீ படு.”

கவிதா மாமியாரைப் பார்த்தாள், மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். சிஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான் அவர் கையைத் தொட்டேன். அன்றைக்கு ஒரு நாள் நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“கை கழுவிட்டு வாங்க அத்தை” என்றாள் கவிதா. “மொழங்கை வரைக்கும்.”

அவர் குழாயடியில் வெகுநேரம் நின்று சோப்புப் போட்டுத் தேய்த்தார். பிறகு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். கவிதாவே குழந்தையை அவர் மார்பில் வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, துணியைச் சுற்றிக் கட்டினாள். எவ்வளவு இறுக்க வேண்டும், மூக்கு எப்படித் தெரிய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரித் தலையாட்டிக்கொண்டார்.

மாமியார் குழந்தையின் முதுகில் கையை வைத்தபடி அசையாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கோ சொல்கிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்.

“சூடா இருக்குது கண்ணு. புள்ளை நல்லாச் சூடா இருக்குது.”

கவிதாவுக்கு அது கேட்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் குறுக்கே சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போயிருந்தாள்.